பிள்ளைப் பந்தல்

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் மீனாட்சி அம்மன் துணை இருக்கட்டும். அனுபவத்தில் கண்டதை எழுதிக் கொடுங்கள் என்று உங்களில் சிலர் வீட்டுக்கே வந்து கேட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புத்தகங்களுக்கு எண் போட்டுப் பிரித்து அடுக்கும் முறையெல்லாம் நான் ஓய்வு பெறும் காலத்தில்தான் வந்தது. இன்றைக்கும் அது எனக்குப் பாதிதான் பிடிபடும். அதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். நூலகத்துக்கும் பிள்ளைகளுக்கும் என்ன என்று கேட்பீர்கள். ஒரு சித்திரைத் திருவிழாவில் எங்கள் வாசகசாலை முழுக்கப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். பேப்பர் படிக்க வந்தவர்கள் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளைக்காரன் காலம். பர்மாவுக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்த நாட்கள். வடக்கு மாசி வீதியிலிருந்து வைகைப் பக்கம் போகிற ஒரு தெருவில் எங்கள் வாசகசாலை இருந்தது. தெருக்காரர்களுக்கு அது ரீடிங்ரூம். நான் ரீடிங்ரூம் அண்ணன். பக்கத்துக் கட்டடம் பஜனை மடம். எதிர்ச்சாரியில் நாடக சபாவின் ஒத்திகைக் கொட்டகை. அடுத்த தெருவில் முஸ்லிம் இளைஞர்கள் நடத்திய தேகப் பயிற்சிச் சங்கம். அங்கே சிலம்பம் பழகுவார்கள், கர்லாக்கட்டை சுற்றுவார்கள்.

நான்குமே கையில் ஒன்றும் இல்லாத இடங்கள். ஆனால் ஒவ்வொன்றிடமும் ஏதோ ஒன்று இருந்தது. எங்களிடம் பெஞ்சு. மடத்தில் அண்டா. சபாவில் திரைச்சீலையும் கியாஸ் லைட்டும். சங்கத்தில் தோள்பலம். ஆகவே சாமான்கள் தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பெஞ்சு சபாவில் சிம்மாசனமாக இருந்துவிட்டு, மறுநாள் மினுக்குக் காகிதம் ஒட்டியபடி திரும்பி வரும். வக்கீல் குமாஸ்தா ஒருவர் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, வேட்டியில் ஜிகினாவோடு கோர்ட்டுக் கச்சேரிக்குப் போனார். மடத்துச் சாமி சப்பரத்துக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்தால் சங்கத்துப் பையன்கள் வந்து நிற்பார்கள். சங்கத்தார் தர்காக் கந்தூரிக்கு நெய்ச்சோறு ஆக்கக் கேட்டபோது மடத்து அண்டாவைக் கொடுப்பதா என்று ஒருநாள் முழுக்கப் பேச்சு நடந்தது. முடிவில் மடத்துக்காரர், "அண்டா பித்தளை. புளி போட்டு வெளக்குனா அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

இந்த மடத்துக்காரர் மடத்தின் நிர்வாகி. நெற்றி நிறையத் திருமண், குரலில் எப்போதும் ஒரு அதட்டு. அவருக்கும் சபாவின் பபூனுக்கும் ஏழாம் பொருத்தம். நாடகத்தில் சிரிக்க வைக்க வருகிறவரைத்தான் பபூன் என்போம். மேடையில் அவர் புருவத்தை அசைத்தால் கூட்டம் விழுந்து புரளும். மேடையை விட்டு இறங்கினால் வயிற்று வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். சங்கத்துக்குத் தலைவர் ஒரு ராவுத்தர். சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் மெதுவாகப் பேசினாலே இரண்டு தெருவுக்குக் கேட்கும். இந்த மூன்று பேரையும் என்னையும் தெரிந்துகொண்டால் போதும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் எங்கள் தெரு மனிதத் தலைகளால் நிரம்பிவிடும். தெற்கே திருமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற சனங்கள் எல்லாம் நகரத்தைக் கடந்து ஆற்றுக்கு எங்கள் வழியாகத்தான் போவார்கள். முன்பெல்லாம் நாங்கள் நான்கு பேரும் தனித்தனியாகத் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். மடத்தில் பானகம், எங்களிடம் மோர், சபாவில் வெறும் தண்ணீர், சங்கத்தில் நன்னாரி சர்பத். வெயிலில் வந்த சனம் நான்கையும் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும்.

ஒரு வருஷம் ஒரு அம்மாள் எங்கேயோ அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கிவந்து எங்கள் மேசைமேல் உட்கார்த்திவிட்டுப் போய்விட்டார். வாசலில் போர்டு தொங்கினால் அது சர்க்கார் ஆபீஸ் என்று எண்ணிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை போவதற்குள் இன்னொன்று வந்தது. அப்போதுதான் நாங்கள் கலந்து பேசினோம். தண்ணீருக்கு ஊரெல்லாம் பந்தல் இருக்கிறது. காணாமல் போகிற பிள்ளைகளுக்கு ஒரு பந்தல் போடுவோம். அடுத்த திருவிழாவுக்கு எங்கள் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். சபாவின் அரண்மனை வரைந்த திரையை மேலேயும் பின்பக்கமுமாகக் கட்டினோம். மடம் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் தந்தது. பபூனும் ஹார்மோனியக்காரரும் பிள்ளைகள் அழாமல் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்துப் பையன்கள் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பார்கள். பெற்றவள் எங்கிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். ஊரார் அதற்குப் பிள்ளைப் பந்தல் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த முதல் வருஷத்தில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

முதல் நாள் சாயங்காலமே பந்தல் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் வந்து கொண்டே இருக்கின்றன. யாரும் தேடி வரவில்லை. ஒன்றுகூட அழவும் இல்லை. நாங்கள் ஏதோ எங்கள் உபசரிப்பின் மகிமை என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலையில், மடத்துக்காரர் பொங்கல் வாளியோடு வந்தவர் ஒரு பையன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏண்டா, நீ நேத்து மேலூர்லருந்து வந்து தொலஞ்சவந்தானே?"

"ஆமா சாமி."

"இன்னைக்கு எந்த ஊரு?"

"சோழவந்தான்."

"ஒரு ஊர்ல நெலையா இருந்து தொலையக் கூடாதாடா?"

அப்புறம்தான் நாங்கள் கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தோம். இருந்தவற்றில் முக்கால்வாசி எங்கள் தெருப் பிள்ளைகள், அடுத்த தெருப் பிள்ளைகள், தானப்ப முதலி தெருப் பிள்ளைகள். பொங்கலுக்கும் பபூனுக்கும் ஆசைப்பட்டு, முகத்தில் கொஞ்சம் புழுதியைப் பூசிக்கொண்டு வந்து காணாமல் போயிருக்கிறார்கள்.

மடத்துக்காரருக்குத் தாங்க முடியாத கோபம். "சாமிக்குப் படைச்ச பொங்கலுய்யா. பொய் சொல்லித் திங்குதுக. நெசமாத் தொலஞ்ச புள்ளைக்கு நாளைக்கு எதைக் குடுப்பேன்?"

"அம்புட்டுப் பேரையும் வெரட்டுங்க" என்றார் ராவுத்தர்.

"எது நெசம் எது பொய்யின்னு எப்படித் தெரியும்? கேட்டா எல்லாம் வெளியூருங்குதுக" என்றார் மடத்துக்காரர்.

அதுவரை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த பபூன் எழுந்தார். "அதுக்கு நம்மகிட்ட வழி இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் நாடகத்தில் அவர் ஒரு புதுப் பாட்டைப் பாடி வந்தார். தினமும் ஒத்திகையில் கேட்டுக் கேட்டுத் தெருப்பிள்ளைகளுக்கு எல்லாம் அது மனப்பாடம். வெளியூர்ப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ஹார்மோனியக்காரருக்குக் கண் காட்டிவிட்டு அவர் ஒரே ஒரு அடியைப் பாடினார்.

"பாவக்கா வாங்கப் போன மாமனாரு..."

பாடி நிறுத்திவிட்டார். பிள்ளைகளின் உதடுகள் துடிப்பது எனக்கே தெரிந்தது. ஆனால் எத்தனை நேரம்தான் அடக்குவார்கள்? பந்தல் முழுவதும் ஒரே குரலில் எழுந்தது:

"பாதி வழி போனதுமே ஆனாரு சாமியாரு!"

"வசமா மாட்டுனீங்களா? எந்திரிங்கடா" என்றார் ராவுத்தர், அவர் சக்திக்கு மெதுவாக. சங்கத்துப் பையன்கள் கைகோத்து நின்று, எல்லாப் பிள்ளைகளையும் கோழி பத்துகிற மாதிரி தெருவுக்குப் பத்தினார்கள். மடத்துக்காரரே பபூனைப் பார்த்து, "உங்க பாட்டாலயும் ஒரு பிரயோசனம் இருக்குய்யா" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். பந்தலைக் கூட்டிவிட்டு, இனி நிஜமான பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருந்தோம்.

வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் ஓடிவந்தார்கள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கரிசல்காட்டுச் சனம். அவர் கையில் அழகருக்குப் பீய்ச்சிய தண்ணீர்ப் பை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, எம் பொண்ணு பேச்சியைக் காணலண்ணே. பச்சைப் பாவாடை. காது குத்தி இன்னும் ஆறல, மஞ்சத் தடவியிருக்கும். இங்கிட்டுத்தான் ஒரு பையன் தூக்கிட்டு வந்தான்னு அந்த முக்குல பூக்காரம்மா சொல்லுச்சு."

சங்கத்துப் பையன்களில் ஒருவன் முகம் வெளுத்தது. "ஆமாண்ணே" என்றான். "காலையில தெருமுனையில ஒரு புள்ள தனியா நின்னுச்சு. பச்சைப் பாவாடைதான். நாந்தான் கொண்டாந்து பெஞ்சில ஒக்கார வச்சேன். அழுகவே இல்ல. ஹார்மோனியத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப அதையும் சேத்தா வெரட்டுனோம்?" என்றார் மடத்துக்காரர்.

"வெளியூர்ப் புள்ளைக்கு அந்தப் பாட்டு எப்படித் தெரியும்?" என்று பபூன் கேட்டார். கேட்டவர் அந்த மனிதரின் ஊரைக் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பங்குனியில் அந்த ஊர்க் கோயில் பொங்கலுக்கு இவர்கள் சபாதான் போய் நாடகம் போட்டிருக்கிறது.

அந்தத் தாய் அப்போதுதான் பபூனை நிமிர்ந்து பார்த்தாள். "பாவக்காப் பாட்டுக்காரரு நீங்கதானா? அந்தப் பாட்டுப் பாதியில இருக்கையில அவ எம்மடியில தூங்கிட்டாண்ணே. முழிச்சதுலருந்து, சாமியாராப் போனவரோட பொண்டாட்டி என்ன ஆனா, என்ன ஆனான்னு கேட்டு உசிரை வாங்குறா. எங்கே ஹார்மோனியம் சத்தம் கேட்டாலும் கையை உருவிட்டு ஓடுறா. இன்னைக்கும் அப்படித்தான் ஓடியிருப்பா."

தம்பிகளே, நாங்கள் செய்த வேலையைப் பாருங்கள். ஒரு பிள்ளை சபாவின் பாட்டைத் தேடி சபாவிடமே வந்து சேர்ந்திருக்கிறது. நாங்கள் பாட்டு தெரிந்த குற்றத்துக்காக அதைத் தெருவில் தள்ளியிருக்கிறோம். வெளியிலோ லட்சம் சனம். குதிரை வண்டியும் மாட்டு வண்டியும். ஆற்றில் தண்ணீருக்காகத் தோண்டிய ஊற்றுக் குழிகள் பிள்ளை உயரத்துக்கு இருக்கும். சாயங்காலம் ஆனால் அவர்கள் ஊர் வண்டிகள் கிளம்பிவிடும், இருட்டிவிடும்.

உடனே சண்டை வந்தது. "உம்ம பாட்டாலதான்" என்றார் மடத்துக்காரர். "உங்க பொங்கலை யாரு கஞ்சத்தனமா அளக்கச் சொன்னா?" என்றார் பபூன். ராவுத்தர் இருவரையும் அதட்டிவிட்டு, பையன்களைத் திசைக்கு இரண்டு பேராக விரட்டி, தானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "தெருப் புள்ளைங்களைக் கேட்டாத் தெரியும்னு பாத்தேன். என்னையக் கண்டதும் எல்லாம் சிட்டாப் பறக்குதுக. எம்மக ஜெய்னம்பு, அவளுமில்ல அந்தக் கூட்டத்துல இருந்திருக்கா, என் சத்தம் கேட்டதும் எங்கேயோ ஒளிஞ்சுட்டா. ஒண்ணும் வாயைத் தெறக்க மாட்டேங்குது."

பறக்காதா பின்னே? காலையில் விரட்டியவர்கள் மத்தியானம் வந்து கூப்பிட்டால், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று பிள்ளை நினைக்கும்.

இந்த இடத்தில் எனக்கு முன்னால் ரீடிங்ரூமில் இருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசகசாலையில் புத்தகம் காணாமல் போனால் நான் வீடு வீடாகப் போய்க் கேட்பேன். எடுத்தவன் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டான். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏன் வெயில்ல அலையிற? ரெண்டாம் பாகம் வந்துருச்சுன்னு போர்டுல எழுதிப் போடு. மொதப் பாகத்தை எடுத்தவன் தானா வருவான்" என்றார். அப்படியே எழுதினேன். சாயங்காலமே ஒருவர் வந்து, இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டு, முதல் பாகத்தை மடியிலிருந்து எடுத்து வைத்தார். அந்தச் சண்டைக்கு நடுவில், அந்தத் தாய் சொன்ன வார்த்தையோடு இது போய் ஒட்டிக்கொண்டது. அழகர்தான் ஒட்டவைத்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். எனக்கு அவ்வளவு புத்தி கிடையாது.

"பபூன் அண்ணே, அந்தப் பாட்டுக்குக் கடைசிச் சரணம் ஒண்ணு இருக்குமே, பொண்டாட்டி என்ன ஆனாள்னு. அதை நீங்க ஒத்திகையில பாடி நான் கேட்டதில்ல. தெருப் புள்ளைங்களும் கேட்டதில்ல. இப்பவே ரீடிங்ரூம் வாசல்ல அதைப் பாடப் போறீங்கன்னு டமாரம் அடிச்சுச் சொல்லுவோம். ஓடிப் போனது எல்லாம் வரும். பேச்சி எந்த மூலையில இருந்தாலும் வருவா."

ராவுத்தர் நான் முடிக்கும் முன்பே டமாரம் எடுக்க ஓடினார். பபூன் மட்டும் அசையாமல் நின்றார். தொழில் ரகசியத்தை ஓசியில் விடத் தயங்குகிறார் என்று நினைத்தேன்.

"அதில்லண்ணே" என்றார், காதோடு காதாக. "கடைசிச் சரணமே கெடையாது. அந்த எடத்துல ராஜபார்ட் உள்ள வந்து என்னைய ஒரு ஒதை ஒதைப்பாரு. சனம் சிரிச்சுரும். பாட்டு முடிஞ்சு போச்சுன்னு ஆயிரும். பொண்டாட்டி என்ன ஆனான்னு எனக்கே தெரியாது."

வெளியே டமாரம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அதற்கும் மேலாக ராவுத்தரின் குரல். "பபூன் கடைசிச் சரணம் பாடப் போறாரு. ரீடிங்ரூம் வாசல்ல. மடத்துப் பொங்கல் உண்டு. யாரையும் அடிக்க மாட்டோம். அல்லா மேல ஆணை."

இனிப் பாட்டு இல்லை என்று சொல்ல முடியாது. பபூன் என்னைப் பார்க்கிறார், நான் மடத்துக்காரரைப் பார்க்கிறேன்.

மடத்துக்காரர் கண்ணை மூடினார். நாற்பது வருஷம் பஜனை பாடிய வாய் அது. "மடத்துக்குள்ள பொங்கல் தின்னார் சாமியாரு. இதை வச்சுக்கங்க" என்றார்.

பபூன் முதல் முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார். "மெட்டுக்குப் பொருந்துதே. முன்னாடி ஒரு அடி வேணும்."

டமாரத்தை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க வந்த ராவுத்தர், "இதுல என்ன இருக்கு? பொம்பளை சும்மாவா இருப்பா? சிலம்புக் கம்பைத் தூக்கிக்கிட்டுத் தேடிக் கெளம்பியிருப்பா" என்றார்.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, மண்டையில ரெண்டு வச்சுக் கூட்டியாந்திருப்பா. எங்க வீட்டுலன்னா அதான் நடக்கும்."

நானும் என் பங்குக்கு, சாமியாரான சேதியை அவள் பேப்பரில் படித்தாள் என்று ஒரு அடி சொன்னேன். ஹார்மோனியக்காரர் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம்ணே" என்றார். விட்டுவிட்டேன்.

வாசலில் பெஞ்சைப் போட்டுப் பபூனை ஏற்றினோம். அந்தத் தாயைப் பந்தலுக்குப் பின்னால், அரண்மனைத் திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். "தாயி, இப்ப நீ வெளிய வந்து அழுதா, வார புள்ளைக அம்புட்டும் மெரண்டு ஓடிரும். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க" என்றேன். அவள் திரையில் வரைந்திருந்த தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் அவள் வாயைத் தன் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்துதான் தண்ணீர் கொட்டியது.

முதலில் தெரு முனையில் ஒரு தலை தெரிந்தது. சோழவந்தான் பையன். மடத்துக்காரர் அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பழக்கமில்லாததால் அது பயமுறுத்துகிற மாதிரி இருந்தது. ஆனாலும் பையன் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு, பிறகு பத்து. மாடியிலிருந்து, சந்திலிருந்து, சப்பரத்துக்கு அடியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பபூன் பாட்டை முதலிலிருந்து எடுத்தார். மாமனார் பாவக்காய் வாங்கப் போனார், சாமியார் ஆனார், மாமியார் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பாட்டு நகர்கிறது, பச்சைப் பாவாடையைக் காணோம்.

கடைசிச் சரணத்தின் வாசலுக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இன்னும் வரவில்லை என்று. அவர் மறுபடியும் அடுப்பில் சட்டியை வைத்தார். பிள்ளைகள், "அப்பறம்?" என்றார்கள். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். சட்டியை இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். சட்டியில் எண்ணெய் காய்ந்ததைப் பாடினார், கடுகு வெடித்ததைப் பாடினார், பூனை வந்து எட்டிப் பார்த்ததைப் பாடினார். அந்த மனிதருக்கு எங்கிருந்து வந்ததோ, வியர்வை ஆறாக ஓட, அந்த ஒரு சட்டியை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் விம்மல் ஒன்று அமுங்கியது. மடத்துக்காரர் என் பக்கத்தில் நின்று, கோவிந்தா கோவிந்தா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த தெருவிலிருந்த ராவுத்தர் வீட்டின் கொல்லைக் கதவு எங்கள் தெருப் பக்கம் திறந்தது. ராவுத்தரின் மகள் ஜெய்னம்பு வந்தாள். அவளுக்கே ஏழெட்டு வயது. இடுப்பில் சுமக்க முடியாமல் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தாள். பச்சைப் பாவாடை, காதில் மஞ்சள், வாயைச் சுற்றிச் சோற்றுப் பருக்கை.

ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலிச்சேனே, எங்க வீட்டுலயா இருந்துச்சு?"

"நீங்க வெரட்டையில எங்கூட ஓடியாந்துச்சு அத்தா" என்றாள் அவள், நாலடி தள்ளி நின்றுகொண்டே. "மடத்துத் தெருப் புள்ளைன்னு நெனச்சோம். பசிக்குதுன்னுச்சு. அம்மா சோறு போட்டுச்சு. நீங்க கத்திக்கிட்டே வந்தீங்களா, அதான் ரெண்டு பேரும் குதிருக்குப் பின்னாடி ஒளிஞ்சோம்."

நான் பபூனுக்குக் கையைத் தூக்கினேன். அதற்குள் திரை பிய்ந்து விழுந்தது. அரண்மனையோடு சேர்ந்து அந்தத் தாய் வெளியே வந்து விழுந்தாள். பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "போயிரலாம்டி, ஊருக்குப் போயிரலாம், வாடி எஞ்சாமி" என்று அழுதாள்.

பேச்சி அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பெஞ்சின் பக்கம் பார்த்தாள்.

"கொஞ்சம் இரும்மா. அந்தப் பொம்பள என்ன ஆனான்னு கேட்டுட்டு வாரேன்."

பபூன் பாடினார். சிலம்புக் கம்பைத் தூக்கிக்கிட்டு மாமியாரு, சந்து சந்தாத் தேடிக்கிட்டு ஓடினாரு. மடத்துக்குள்ள பொங்கல் தின்னார் சாமியாரு, மண்டையிலே ரெண்டு வச்சுக் கூட்டி வந்தாரு. அவர் வாழ்நாளில் அவ்வளவு கைதட்டல் கேட்டிருக்க மாட்டார். பெற்றவளும் அழுகையோடு சிரித்தாள். அவர்கள் போகும்போது மடத்திலிருந்து ஒரு தூக்கு நிறையப் பொங்கலும், ராவுத்தர் வீட்டிலிருந்து ஒரு கூஜாவில் சர்பத்தும் வண்டிக்குப் போயின. தூக்கும் கூஜாவும் திரும்பி வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் நூலகத்துக்கும் பலர் வருவார்கள். மின்விசிறிக்காக ஒருவர் வருவார், மழைக்கு ஒதுங்க ஒருவர், வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்க ஒருவர். படிக்க வந்தவர் யார், சும்மா வந்தவர் யார் என்று பிரிக்க உங்களுக்கும் ஒரு பரீட்சை தோன்றும். மிகவும் கெட்டிக்காரத்தனமான பரீட்சையாகவும் இருக்கும். வைக்காதீர்கள். அழகர் அத்தனை தூரம் வந்து ஆற்றில் இறங்குகிறார். பக்தியோடு வந்தவன் யார், பொரிகடலை வாங்க வந்தவன் யார் என்று குதிரையை நிறுத்திக் கேட்கிறாரா? இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளிவாசல், பாட்டு வாத்தியார், கூத்துக்காரர் எல்லாரோடும் பழகி வையுங்கள். உங்களிடம் இல்லாத அடி அவர்களில் ஒருவரிடம் இருக்கும்.

அடுத்த வருஷமும் பந்தல் போட்டோம். விதிமுறை எதுவும் வைப்பதில்லை என்று நான்கு பேரும் பேசி முடித்திருந்தோம். மடத்துக்காரர் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதல் நாள் காலையில் பெஞ்சைக்கூடச் சரியாகப் போட்டு முடிக்கவில்லை, ஒரு பையன் புழுதி பூசிய முகத்தோடு வந்து நின்றான். மடத்துக்காரரின் சொந்தத் தங்கை பேரன். எதிர்வீடு. காலையில் அவர் கையால்தான் அவனுக்குத் திருமண் இட்டிருந்தார். புழுதிக்கு மேல் அது பளிச்சென்று தெரிந்தது.

மடத்துக்காரர் கரண்டியோடு குனிந்து அவனைப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா?"

"ரங்கூன்."

அவர் நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். ராவுத்தர் சைக்கிள் சக்கரத்தைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டார்.

"அம்புட்டுத் தூரத்துலருந்தா நடந்து வார?" என்றார் மடத்துக்காரர். "பசிக்குமே." இலையில் இரண்டு கரண்டி பொங்கலை வைத்து, மேலே ஒரு முந்திரிப்பருப்பையும் தேடி எடுத்து வைத்தார்.